மூளைக்குள் நுழைந்த மாத்திரை: லெவோடோபா பிறந்த கதை

வீட்டில் பார்க்கின்சன் நோயாளி இருப்பவர்களுக்கு 110, 125, 275 ஆகிய எண்கள் மனப்பாடம். மருந்துச் சீட்டை நீட்டினால் கடைக்காரர், "நூற்றிப் பத்தா, நூற்றி இருபத்தைந்தா?" என்று கேட்பார். அந்த எண் ஒரு கூட்டல் கணக்கு. 110 என்றால் 100 மில்லிகிராம் லெவோடோபாவும் 10 மில்லிகிராம் கார்பிடோபாவும். 125-ல் நூறும் இருபத்தைந்தும். 275-ல் இருநூற்றைம்பதும் இருபத்தைந்தும்.

இந்த இரண்டில் நோயின் மேல் வேலை செய்வது லெவோடோபா மட்டும்தான். கார்பிடோபாவைத் தனியாக விழுங்கினால் கைநடுக்கம் சிறிதும் குறையாது. அது மூளைக்குள் போவதே இல்லை. மூளை நோய்க்கான மாத்திரையில் மூளைக்குள் போகாத பொருளுக்கு என்ன வேலை? போகாது என்பதற்காகவே அதைச் சேர்த்தார்கள். இந்த விடையை எட்ட அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதில் பெர்லினின் சாயப் புட்டிகளுக்கும், சென்னையில் அரைத்த பூனைக்காலி விதைக்கும், இந்திய சர்ப்பகந்தா வேருக்கும் பங்கு உண்டு.

சாயம் ஏறாத மூளை

1885-ல் பெர்லினில் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக், விலங்குகளின் ரத்தத்தில் சாயங்களை ஏற்றி எந்த உறுப்பு எவ்வளவு நிறம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். உறுப்புகள் எல்லாம் நிறம் மாறின. மூளையும் தண்டுவடமும் மட்டும் வெளுப்பாகவே இருந்தன. மூளைத் திசுவுக்கு இந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் தன்மை இல்லை போலும் என்று எர்லிக் முடிவுகட்டினார்.

அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913-ல் அதே சோதனையைத் திருப்பிப் போட்டார். டிரைப்பான் நீலச் சாயத்தை ரத்தத்தில் ஏற்றாமல், மூளையைச் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீரில் செலுத்தினார். இம்முறை மூளை நீலமானது, உடம்பின் மற்ற பாகங்கள் நிறம் மாறவில்லை. மூளை சாயத்தைப் பிடிக்கத்தான் செய்கிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஏதோ ஒன்று நின்று தடுக்கிறது.

அதற்கு ரத்த மூளைத் தடுப்பு என்று பெயர் வழங்கியதில் பெரும்பங்கு லினா ஸ்டெர்னுக்கு உரியது. ஜெனீவா பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர் அவர். எந்தப் பொருள் மூளைக்குள் போகிறது, எது போவதில்லை என்று 1920-களின் தொடக்கத்தில் ஒவ்வொன்றாகச் சோதித்தார். இந்தத் தடுப்பு எல்லாவற்றையும் மறிப்பதில்லை, பார்த்துப் பார்த்து அனுமதிக்கிறது என்பதை அவர் வலியுறுத்தினார். பின்னர் சோவியத் நாட்டுக்குப் போய், 1939-ல் அந்நாட்டு அறிவியல் அகாதமியின் முழு உறுப்பினரான முதல் பெண் ஆனார். 1949-ல், ஸ்டாலின் காலத்தில், பாசிச எதிர்ப்பு யூதக் குழு வழக்கில் கைதானார். 1952-ல் அந்த வழக்கில் பதின்மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தண்டனை பெற்றவர்களில் உயிர் தப்பியவர் ஸ்டெர்ன் ஒருவரே. மருந்தை மூளைக்குக் கொண்டுசேர்ப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் முதலில் நன்றி சொல்ல வேண்டிய பெயர் இது.

தடுப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு தாமஸ் ரீஸ், மோரிஸ் கார்னோவ்ஸ்கி இருவரும் எலியின் மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். மூளையின் ரத்த நுண்குழாய்களுடைய உட்சுவர்ச் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று இறுகத் தைத்தாற்போல் இணைந்திருப்பதைக் கண்டார்கள். உடம்பின் மற்ற இடங்களில் செல்களுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் பல பொருள்கள் கசிந்து போகலாம். மூளையில் அந்தச் சந்து கிடையாது. உள்ளே போக வேண்டிய எதுவும் செல்லையே ஊடுருவித்தான் போக வேண்டும். கொழுப்பில் கரையும் மிகச் சிறிய மூலக்கூறுகள் ஊடுருவும். மற்றவை பெரும்பாலும் நின்றுவிடும்.

அவரை விதையும் பூனைக்காலியும்

இனி மாத்திரையின் கதை. டோபா என்பது ஓர் அமினோ அமிலம், லெவோடோபா அதன் ஒரு வடிவம். 1913-ல் சுவிட்சர்லாந்தின் ரோச் மருந்து நிறுவனத்தில் வேலை செய்த மார்க்கஸ் குக்கன்ஹைம், ஐரோப்பியர் உண்ணும் பெரிய அவரை வகையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார். விலங்குகளில் சோதித்தபோது சொல்லும்படியான விளைவு எதுவும் தெரியவில்லை. தானே இரண்டரை கிராம் விழுங்கிப் பார்த்தார். கடும் குமட்டல், வாந்தி. உடம்பில் பெரிதாக வேலை எதுவும் செய்யாத பொருள் என்று லெவோடோபா ஓரங்கட்டப்பட்டது. அந்த வாந்திக்குள் எவ்வளவு பெரிய செய்தி இருந்தது என்று அன்று யாருக்கும் தெரியாது.

1937-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரன், ஆர். ராமசாமி இருவரும் பூனைக்காலி விதையிலிருந்து இதே லெவோடோபாவைப் பிரித்தெடுத்து, லண்டனிலிருந்து வரும் பயோகெமிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். நம் வேலிகளில் படர்ந்து, காயின் சுனை பட்டால் அரிப்பெடுக்க வைக்கும் அதே பூனைக்காலி. நாட்டு மருத்துவம் காலங்காலமாகப் பயன்படுத்தி வந்த விதை. அதில் இருப்பது மூளைக்கு மருந்தாகும் என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை, அன்று உலகில் யாராலும் சொல்லியிருக்க முடியாது. பொருளைச் சுத்தமாகப் பிரித்து, இன்னதுதான் என்று நிலைநாட்டினார்கள். அந்த அளவில் அவர்கள் வேலை முழுமையானது. சென்னை அவர்களை மறந்திருக்கக் கூடாது.

மறு ஆண்டு, 1938-ல், ஜெர்மனியில் பீட்டர் ஹோல்ட்ஸ் ஒரு நொதியைக் கண்டுபிடித்தார். அது டோபாவை வெட்டி டோபமைன் என்ற பொருளாக மாற்றுகிறது. குடல், ஈரல், சிறுநீரகம் என்று உடம்பெங்கும் இருக்கிறது. இந்தக் கதையில் சிக்கலும் தீர்வும் இந்த நொதியைச் சுற்றியே வரும்.

சர்ப்பகந்தா சாய்த்த முயல்கள்

1949-ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். உலகம் அந்த வேரைத் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிஸ் நிறுவனமான சீபாவின் ஆய்வாளர்கள் அதிலிருந்து ரெசர்ப்பின் என்ற பொருளைப் பிரித்தார்கள். ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் அதைக் கொடுத்தபோது, சிலரிடம் விறைப்பும் நடுக்கமும் மந்த நடையும் தோன்றின. பார்க்கின்சன் நோயாளி எப்படி இருப்பாரோ அப்படியே.

இதன் காரணத்தைத் தேடியவர் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் இருந்த அர்விட் கார்ல்சன். 1957-ல் அவரும் சகாக்களும் முயல்களுக்கு ரெசர்ப்பின் கொடுத்தார்கள். முயல்கள் காது தொங்கி, அசையாமல் கிடந்தன. பிறகு டோபாவை ஊசியில் ஏற்றினார்கள். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடின.

அதுவரை டோபமைன், நார்அட்ரினலின் என்ற வேறொரு வேதிப்பொருள் தயாராகும் வழியில் வந்து போகும் ஓர் இடைப்பொருள் என்றே கருதப்பட்டது. எழுந்த முயல்களின் மூளையில் நார்அட்ரினலின் கூடவில்லை. கூடியது டோபமைன். உடலசைவை ஆள்வது டோபமைன்தான் என்று கார்ல்சன் சொன்னார். 1960-ல் லண்டனில் கூடிய அறிஞர்கள் அதை ஏற்கத் தயங்கினார்கள். 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

குறைவது டோபமைன் என்றால் டோபமைனையே கொடுக்கலாமே? கொடுக்கலாம், மூளைக்குள் போகாது. தடுப்பு அதை வெளியிலேயே நிறுத்திவிடும். டோபா எப்படிப் போனது? மூளைக்குச் சில அமினோ அமிலங்கள் அன்றாடம் வேண்டும். டிரிப்டோஃபான், ஃபினைல்அலனின், லூசின் போன்றவற்றை மூளை தானே தயாரித்துக்கொள்ள முடியாது, உணவிலிருந்து ரத்தம் வழியாக வந்தாக வேண்டும். அவற்றை உள்ளே எடுத்துச் செல்வதற்கென்றே நுண்குழாய்ச் சுவரில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. அந்நியருக்குப் பூட்டியிருக்கும் கதவு, தினமும் பால் ஊற்ற வருபவருக்குத் திறக்குமல்லவா? டோபாவும் உருவத்தில் அந்த அமினோ அமிலங்களைப் போன்றது. அதனால் அதே வாசலில் உள்ளே போய்விடுகிறது. உள்ளே போனதும் மூளையில் இருக்கும் அந்த நொதி அதை டோபமைனாக மாற்றிவிடுகிறது.

தடுப்பைத் துளைக்கவோ சேதப்படுத்தவோ தேவைப்படவில்லை. மூளை தன் தேவைக்கு வைத்திருக்கும் வழியே போதுமானதாக இருந்தது.

வியன்னாவில் ஒரு கோடை

கார்ல்சனின் குழுவைச் சேர்ந்த பெர்ட்லரும் ரோசன்கிரனும் மூளையில் டோபமைன் பெரும்பாலும் அடித்தள முடிச்சுகள் என்ற பகுதியில் இருப்பதை 1959-ல் காட்டினார்கள். பார்க்கின்சன் நோய் தாக்குவதும் அந்தப் பகுதியைத்தான். இதைப் படித்த வியன்னாவின் ஒலே ஹோர்னிக்கீவிச், தம் உதவியாளர் எரிங்கருடன், இறந்த நோயாளிகளின் மூளைகளை வரவழைத்துச் சோதித்தார். திசுச் சாற்றில் வேதிப்பொருளைச் சேர்த்தால், டோபமைன் இருக்கும் அளவுக்கு இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். மற்றவர்களின் மூளைச் சாறு சிவந்தது. பார்க்கின்சன் நோயாளிகளின் சாறு ஏறக்குறைய நிறமே இல்லாமல் இருந்தது. கருவியில் அளக்கும் முன்பே பற்றாக்குறை வெறுங்கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. 1960 முடிவில் அந்தக் கட்டுரை வெளியானது.

ஹோர்னிக்கீவிச் அத்தோடு நிற்கவில்லை. லைன்ஸ் முதியோர் மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் வால்தர் பிர்க்மயரிடம், உங்கள் நோயாளிகளுக்கு லெவோடோபாவைக் கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டார். ரோச் நிறுவனத்திடமிருந்து பெற்று வைத்திருந்த சிறிதளவு மருந்தையும் கொடுத்தார். 1961 ஜூலையில் முதல் ஊசி போடப்பட்டது. படுக்கையில் எழுந்து உட்கார முடியாதவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தால் எழ முடியாதவர்கள் எழுந்து நடந்தார்கள். குழறிய பேச்சு தெளிந்தது. சில மணி நேரம் கழித்துப் பழைய நிலை திரும்பியது. மருந்து வேலை செய்கிறது என்பது உறுதியாயிற்று, அதன் பலன் நிலைக்கவில்லை என்பதும் உறுதியாயிற்று. அதே காலத்தில் கனடாவின் மான்ட்ரியலில் ஆந்த்ரே பார்போவும் சகாக்களும் லெவோடோபாவை வாய்வழியாகக் கொடுத்துப் பலன் கண்டார்கள்.

மற்ற சிலர் கொடுத்தபோதோ பலன் தெரியவில்லை. வாந்தி மட்டும் தெரிந்தது. அளவைக் கூட்டினால் குமட்டல், கூட்டாவிட்டால் பயனில்லை. நம்பிக்கை மெல்லத் தேய்ந்தது.

பொறுமை கொடுத்த வெற்றி

அந்த முட்டுக்கட்டையை நகர்த்தியவர் கிரேக்கத்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த ஜார்ஜ் கோட்சியஸ். நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருந்தவர். அவர் நோயாளிகளை மாதக் கணக்கில் மருத்துவமனையிலேயே தங்க வைத்து, மிகச் சிறிய அளவில் தொடங்கி, உடம்பு பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். நாளுக்குப் பல கிராம் வரை வாய்வழியாகவே கொடுத்தார். 1967-ல் பதினாறு நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார். அவர்களில் பாதிப் பேர் வியக்கும் அளவுக்குத் தேறியிருந்தார்கள். ஊசி கொடுத்த சில மணி நேர நன்மை, இங்கே நாள்தோறும் நீடித்தது.

அப்போது அவர் பயன்படுத்தியது டோபாவின் இடக்கை, வலக்கை வடிவங்கள் இரண்டும் கலந்த பொருள். உடம்புக்கு உதவுவது இடக்கை வடிவமான லெவோடோபா மட்டுமே. கலவையில் சிலருக்கு ரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. தனி லெவோடோபாவுக்கு மாறியதும் பாதி அளவே போதுமானது, அந்த ரத்தக் கோளாறும் நீங்கியது. 1970-ல் அமெரிக்க அரசு லெவோடோபாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனில் இந்த நோயை 1817-ல் விவரித்து நூற்றைம்பது ஆண்டு கடந்த பிறகு, நோயாளியை எழுப்பி நடக்கவைக்கும் மருந்து கிடைத்தது.

வெளியே நிற்கும் துணை

வாந்தி மட்டும் தீரவில்லை. 1913-ல் குக்கன்ஹைமுக்கு வந்த அதே வாந்தி.

காரணத்தைத் தடுப்பே சொல்லிக்கொடுத்தது. விழுங்கிய லெவோடோபாவில் பெரும்பகுதியைக் குடலிலும் ஈரலிலும் இருக்கும் நொதி வழியிலேயே டோபமைனாக மாற்றிவிடுகிறது. டோபமைனாக மாறியது இனி மூளைக்குள் போக முடியாது. நூறில் ஒரு பங்கு அளவுதான் மூளையைச் சேர்கிறது. மீதி டோபமைன் ரத்தத்தில் சுற்றுகிறது. மூளைத் தண்டில் ஒரு சிறிய பகுதிக்கு மட்டும் ரத்த மூளைத் தடுப்பு கிடையாது. ரத்தத்தில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று சோதித்து, கலந்திருந்தால் வாந்தியெடுக்கவைப்பது அதன் வேலை. அந்த வேலைக்குத் தடுப்பு இருக்கக் கூடாது. ரத்தத்தில் திரியும் டோபமைன் அந்த இடத்தைத் தூண்டிவிடுகிறது.

ஆக, மூளைக்கு வெளியே நொதியை முடக்க வேண்டும், மூளைக்குள் அதை வேலை செய்ய விட வேண்டும். நொதி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வேறுபாடு காட்ட எதை நம்புவது? தடுப்பையே நம்பினார்கள். நொதியை முடக்கும், ஆனால் தடுப்பைத் தாண்டாத ஒரு பொருளைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். வெளியே லெவோடோபா சேதமாகாது. உள்ளே போனது வழக்கம்போல் டோபமைன் ஆகும். ரோச் நிறுவனத்தின் பென்செராசைடும் மெர்க் நிறுவனத்தின் கார்பிடோபாவும் இப்படி வந்தவை. கார்பிடோபா சேர்ந்ததும் லெவோடோபாவின் அளவை நான்கில் ஒரு பங்காகக் குறைக்க முடிந்தது. வாந்தி பெருமளவு அடங்கியது. 1975-ல் இரண்டும் சேர்ந்த மாத்திரை, சினிமெட் என்ற பெயரில், அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நம் ஊரில் சின்டோபா முதலிய பெயர்களில் கிடைப்பது அதே கூட்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் அது இருக்கிறது.

இந்த மாத்திரையின் மேன்மை இங்கேதான் இருக்கிறது என்பேன். மருந்தை மறிக்கிறது என்று ஆய்வாளர்கள் அலுத்துக்கொண்ட தடுப்பு, கடைசியில் மருந்தின் கூட்டாளியானது. எதைத் தடுக்கும், எதை விடும் என்று லினா ஸ்டெர்ன் போன்றவர்கள் பொறுமையாகச் சோதித்து வைத்த அறிவு இல்லையென்றால் இது நடந்திருக்காது.

அந்த வழியில் வந்தவை

லெவோடோபா நோயைக் குணப்படுத்துவதில்லை. டோபமைன் தயாரிக்கும் செல்கள் அழிந்துகொண்டே போவதை அது நிறுத்தாது. சில ஆண்டுகளில் ஒரு வேளை மருந்தின் பலன் அடுத்த வேளைக்கு முன்பே தீரத் தொடங்கும். பலருக்குத் தம்மையறியாத உடல் நெளிவுகள் வரும். ஆனாலும் இன்றுவரை நோயாளியின் நடையையும் கையையும் திருப்பித் தருவதில் இதற்கு ஈடான மாத்திரை வேறில்லை.

இருக்கும் வாசலைப் பயன்படுத்தும் உத்தி வேறு நோய்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. மூளைக்கு இரும்பைக் கொண்டுசெல்லும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்துக்கு நுண்குழாய்ச் சுவரில் ஓர் ஏற்பி உண்டு. அந்த ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தோடு பெரிய நொதி மூலக்கூறு ஒன்றை இணைத்து, ஹன்ட்டர் நோய் என்ற அரிய பிறவிக் குறைபாட்டுக்கு மருந்தாக்கினார்கள். 2021-ல் ஜப்பான் அதற்கு ஒப்புதல் கொடுத்தது. ரத்தத்தில் நுண்ணிய குமிழிகளைச் செலுத்தி, குவித்த மீயொலியால் தடுப்பைச் சில மணி நேரம் மட்டும் தளர்த்தும் முறையும் நோயாளிகளிடம் சோதிக்கப்படுகிறது.

மாத்திரை எடுப்பவர்களுக்கு

இந்தக் கதை தெரிந்தால் அன்றாடத்தில் நான்கு விஷயங்கள் தெளிவாகும்.

முதலாவது, உணவு. பால், முட்டை, இறைச்சி, பருப்பு ஆகியவற்றின் புரதம் செரித்து அமினோ அமிலங்களாகி, லெவோடோபா போகும் அதே வாசலில் போட்டியிடும். குமட்டல் இல்லாதவர்கள் உணவுக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரையை எடுப்பது நல்லது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். அதற்காகப் புரதத்தை நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம், உடம்பு இளைத்துப்போகும்.

இரண்டாவது, வாந்தி மருந்து. மெட்டோகுளோப்ரமைடு தடுப்பைத் தாண்டி மூளைக்குள் போய் டோபமைனையே மறித்துவிடும், நடுக்கமும் விறைப்பும் கூடும். பார்க்கின்சன் நோயாளிக்கு அது ஆகாது. டோம்பெரிடோன் பெரும்பாலும் மூளைக்குள் போவதில்லை என்பதால் மருத்துவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதுண்டு. இதயத்தைப் பார்த்துத்தான் அதையும் கொடுப்பார்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும், வாந்திக்கு ஊசி போடும் முன், லெவோடோபா எடுப்பதைச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, பூனைக்காலிப் பொடி. அதில் இருப்பது உண்மையான லெவோடோபாதான். ஒரு பொட்டலத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு உறுதி கிடையாது, கார்பிடோபாவின் துணையும் இல்லை. மாத்திரையோடு அதையும் சேர்த்தால் மருந்தின் அளவு கணக்கில்லாமல் ஏறும். மருத்துவருக்குத் தெரியாமல் எடுக்கக் கூடாது.

நான்காவது, நிறுத்துவது. நன்றாக இருக்கிறது என்றோ, பக்கவிளைவுக்குப் பயந்தோ, மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கூட்டுவதோ குறைப்பதோ எதுவானாலும் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகச் செய்யுங்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் இந்த மாத்திரையில் இருந்தால், வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் எழுந்து நடப்பது அந்த நேரந்தவறாமையில்தான் இருக்கிறது.